ஆறாவது கரண்டியை எடுக்க லோசான் போன கதை

இந்தப் பயணத்தை நான் 2019 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை செய்தேன். ஆராவிலிருந்து லோசான், அங்கிருந்து மலைப்பக்கமாக ஒரு கிராமம், அன்று மாலையே வீடு. பழைய அமெரிக்க வெள்ளிக் கரண்டி தேடி இந்த நாட்டில் அலைகிற தமிழர் என்னைத் தவிர வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். நான் விட்ட பிழையை நீங்களும் விட வேண்டாம்.

முதலில் காரணத்தைச் சொல்ல வேண்டும். 2009இல் சுவாமி அறையில் தீர்த்தம் எடுக்கச் சின்னக் கரண்டி ஒன்று தேவைப்பட்டது. ஆராவில் பழைய சாமான் விற்கும் கடையில் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் ஐந்து கரண்டிகள் கிடந்தன. ஐந்துக்கும் சேர்த்துப் பதினைந்து பிராங். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால், இந்த நாட்டு வெள்ளியில் தரம் காட்டக் குத்துகிற 800 என்ற எண் இல்லை, 925உம் இல்லை. ஒரு ஆளின் பெயரும் ‘காயின்’ என்ற ஆங்கிலச் சொல்லும் மட்டும் குத்தியிருந்தன. முன்பக்கம், பிடியின் நுனியில், கொடி போல வளைந்த எழுத்தில் ஈ.எம்.எச். என்று வெட்டியிருந்தார்கள்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இணையத்தில் வாசித்து வாசித்துத்தான் விஷயம் பிடிபட்டது. நூற்றைம்பது, இருநூறு வருடங்களுக்கு முன் அமெரிக்கத் தட்டார்கள் வெள்ளி நாணயத்தை உருக்கியும் அந்தத் தரத்திலும் கரண்டி செய்தார்கள். ஆயிரத்தில் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி, அதற்குத்தான் ‘காயின்’ என்ற முத்திரை. மெல்லிய தகடு, வயலின் மாதிரி இடை ஒடுங்கிய பிடி. வீட்டுக்காரரின் முதலெழுத்துகளை முன்பக்கம் வெட்டிக் கொடுப்பார்கள். சேகரிப்பவர்களுக்கு அந்த எழுத்துத்தான் உயிர். எழுத்தை அழித்த கரண்டியை ஒருவரும் தொடமாட்டார்கள். அழித்த இடம் பள்ளமாக, மெல்லிசாக, அடையாளம் இல்லாமல் போய்விடும். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் கரண்டிகள் ஆறு சேர்ந்த கட்டாகத்தான் விற்கப்பட்டன. என்னிடம் ஐந்து. பத்து வருடமாக ஆறாவதைத் தேடினேன். வேறு எத்தனையோ கரண்டிகள் சேர்ந்தன, ஈ.எம்.எச். மட்டும் வரவில்லை. அந்த ஓகஸ்டில் ஒரு விற்பனைத் தளத்தில் அதைக் கண்டேன். அதே பெயர், அதே எழுத்து, ஒரே ஒரு கரண்டி, நாற்பது பிராங். படத்தைப் பெருப்பித்து, என் ஐந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆனால் விற்கிற கிழவர் தபாலில் அனுப்பமாட்டாராம், லோசானுக்கு மேலேயுள்ள தன் வீட்டுக்கு வந்துதான் எடுக்க வேண்டுமாம்.

இங்கேதான் நான் புத்திசாலித்தனம் செய்வதாக நினைத்தேன். லோசானில் என் கணவரின் தங்கை ராணி இருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, பிரெஞ்சு நன்றாகக் கதைப்பாள். வேறு யாரும் வாங்கிவிடுமுன் எடுத்து வை, நான் வந்து வாங்குகிறேன் என்று தொலைபேசியில் சொன்னேன். அதோடு, நான் வருகிற சனிக்கிழமைக்கு மறுநாள் திரிம்பாக் கோயிலில் பேரனுக்கு முதன்முதலாகச் சோறு தீத்துகிற, அதாவது ஊட்டுகிற, அலுவலைப் பற்றியும் ஒரே மூச்சில் கதைத்தேன். இரண்டையும் ஒரே மூச்சில் கதைத்திருக்கக் கூடாது.

சனி காலை 7 மணி கடந்து ஆராவில் ரயில் ஏறினேன். அரைக்கட்டண அட்டையோடு முன்கூட்டி வாங்கிய நாள் சீட்டு 49 பிராங். பயணம் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. பீல் தாண்டியதும் ஏரி இடதுபக்கம் வரும், ஆகவே இடதுபக்கம் இருங்கள். நான் இருந்தேன், ஆனால் ஏரியைப் பார்க்கவில்லை. வாயால் கந்தர் கவசம், கையில் பூதக்கண்ணாடி, மடியில் ஐந்து கரண்டிகள். ஆறாவதோடு சேர்த்து வைத்துப் பார்க்க எடுத்துப் போனேன்.

ராணி ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். முகம் நிறையச் சிரிப்பு. மெட்ரோ நிலையத்து வாங்குப் பலகையில் இருக்கவைத்து, ஒரு சிவப்பு வெல்வெட் பெட்டியைக் கையில் தந்தாள். நகைக்கடைப் பெட்டி.

திறந்தேன். கரண்டி கண்ணாடி மாதிரி மினுங்கியது. ஈ.எம்.எச். இல்லை. அந்த இடத்தில் ஒரு வேல் இருந்தது.

பின்பக்கம் திருப்பினேன். தட்டாரின் பெயர் இருந்தது. காயின் இருந்தது. அதே கரண்டிதான்.

“என்ன வேலை பார்த்தனீர் ராணி?” என்றேன்.

“ஏன் மச்சாள், வடிவில்லையோ? எங்கடை நகைக்கடைப் பத்தர்தான் செய்தவர். முப்பத்தைஞ்சு பிராங், அது என்ரை பரிசு. காசு கதைக்கக் கூடாது.”

“எழுத்து எங்கை?”

“செத்த வெள்ளைக்காரியின்ரை எழுத்தைப் பிள்ளையின்ரை வாயுக்கை வைக்கிறதோ? முதல் சோறு, மச்சாள். நீங்கள் கோயில் குளமெண்டு திரியிற ஆள், உங்களுக்கு நான் சொல்லவேணுமோ?”

பேரனுக்கு நான் வேறு ஒரு புதுக் கரண்டி வாங்கி வைத்திருந்தேன். அதை அவளுக்குச் சொல்லவில்லை. ஞாயிறு சோறு, சனிக்கிழமை வெள்ளிக் கரண்டி, அம்மம்மா லோசான் வரை வந்து எடுக்கிறாள் என்றால் எந்தத் தமிழ்ப் பெண்ணும் அப்படித்தான் கணக்குப் போடுவாள். அதிலும் ஆத்திரம் என்னவென்றால், அந்த வேல் உருவைத் திருப்பி அழிக்கச் சொல்லவும் என்னால் முடியாது. முருகன்மேல் அரம் போடச் சொல்லி எந்த நாக்கால் சொல்வது? எழுத்தை அழித்தது போதாதென்று, முறைப்பாடு செய்யும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டாள்.

வந்தது வந்தேன், விற்றவரிடம் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவோம் என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன். உள்ளூர் நாள் சீட்டு 9 பிராங் 30. மெட்ரோவில் மேலே கடைசி நிறுத்தம்வரை கால் மணித்தியாலம், பிறகு பஸ்ஸில் இருபது நிமிடம், பிறகு ஏற்றத்தில் எழுநூறு மீற்றர் நடை. சனிக்கிழமைகளில் அந்த பஸ் மணிக்கு ஒன்றுதான். நாங்கள் நிறுத்தத்துக்குப் போக அது எங்கள் கண்முன்னே புறப்பட்டுப் போனது. ஐம்பத்தெட்டு நிமிடம் நின்றோம். ராணி வாழைப்பழம் தந்தாள். நான் சாப்பிடவில்லை.

கிழவர் நல்ல மனிதர். கதவடியிலேயே நாற்காலி போட்டார். ராணி கேட்க, அவர் கையை ஆட்டி ஆட்டி ஐந்து நிமிடம் கதைத்தார். மனிதர் சொல்லி முடித்ததும் ராணி என் பக்கம் திரும்பினாள்.

“இல்லையாம்.”

“அஞ்சு நிமிசமும் இல்லை இல்லையெண்டோ சொன்னவர்?”

பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. அவருடைய பெரியதாய் இளவயதில் அமெரிக்காவில் ஒரு வீட்டில் பிள்ளைகள் பார்க்கும் வேலைக்குப் போனாராம். திரும்பும்போது வீட்டுக்காரி தன் பாட்டியின் கரண்டிகள் ஆறைக் கொடுத்தாளாம். பிற்காலத்தில் ஐந்தை ஜெர்மன் பேசும் பக்கம் இருந்த தம்பிக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் வைத்து முட்டை சாப்பிட்டாராம். நான் மடியிலிருந்து ஐந்தையும் எடுத்துக் காட்டினேன். அவர் எழுந்துவிட்டார். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியது.

என் கண்ணும்தான், வேறு காரணத்துக்காக. இதுவேதான் அந்த ஆறாவது. சந்தேகமே இல்லாத ஆறாவது. எழுத்தில்லாத ஆறாவது.

பிறகு அவர் சிவப்புப் பெட்டியைப் பார்த்தார். ராணி தயங்காமல் திறந்து காட்டி, வேல் என்றால் என்னவென்று நீண்ட நேரம் விளக்கினாள். அவர் விரலால் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். ராணியின் முகம் மலர்ந்தது.

“கேட்டியளோ மச்சாள்? அந்தப் பெரியதாய் மனிசிக்கும் எழுத்தை அழிக்கத்தான் விருப்பமாம். ஆரின்ரையோ எழுத்தில ஏன் சாப்பிடுவானெண்டு. நகைக்காரன் கூடக் காசு கேட்டதாலை விட்டிட்டாவாம்.”

இதைக் கிழவர் சொன்னாரா, ராணி சொன்னாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குப் பிரெஞ்சு வராது. அவளும் அதை அறிவாள்.

திரும்பும் ரயிலில் யன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை, கிடைத்தும் பயனில்லை. வீட்டில் கணவர் கரண்டியைப் பார்த்துவிட்டு, வடிவாய்த்தானே இருக்கு, தங்கச்சி கெட்டிக்காரி என்றார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை அவரே போட்டுச் சாப்பிட்டார்.

ஞாயிறு திரிம்பாக். ஒல்டன் ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத்துக்குள் போகலாம், விசேஷ நாட்களில் காரை நம்பாதீர்கள். நான் வாங்கி வைத்த புதுக் கரண்டியைக் கைப்பையிலேயே விட்டுவிட்டேன். ராணி முதல் ரயிலில் வந்து முன்வரிசையில் இருக்கிறாள், வேறு என்ன செய்வது? ஐயர் மந்திரம் சொல்ல, மருமகன் சர்க்கரைப் பொங்கலை வேல் கரண்டியால் தீத்தினார். பேரன் கரண்டியைப் பிடித்துக் கடித்தான், விடவே மாட்டேன் என்றான். மெல்லிய வெள்ளி, வளைந்துவிடுமே என்று நான் கையை நீட்டினேன்.

இனிப் போகிறவர்களுக்கு என் அனுபவம். கரண்டியைப் பார்த்தால் முதலில் பின்பக்கம் பாருங்கள், பிறகு முன் எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் வாங்க வேண்டாம். திருநீறு, புளி எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம், சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். நீங்களே போய் எடுங்கள். சொந்தக்காரர் எடுத்துத் தருவதானால், ‘ஒன்றும் செய்யாதே’ என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். சனிக்கிழமை பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

இன்னும் ஒன்றை எழுதாமல் விட்டால் மனச்சாட்சி உறுத்தும். தீர்த்தக் கரண்டி தேடிப் போய்த்தான் அந்த ஐந்தையும் வாங்கினேன் என்று மேலே சொன்னேன் அல்லவா? பத்து வருடத்தில் ஒன்றைக்கூடச் சுவாமி அறைக்குள் கொண்டுபோனதில்லை. பிஸ்கட் டின்னுக்குள்தான் வைத்திருக்கிறேன். யாரோ ஒருத்தியின் பெயர் எழுதிய கரண்டியால் சுவாமிக்குத் தீர்த்தம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆறாவது கரண்டி இப்போது சுவாமி அறையில், தீர்த்தச் செம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. விளிம்பில் பேரனின் பல் முளைக்காத முரசு பட்ட சின்ன வளைவு. ராணி வீட்டுக்கு வந்தால் அந்த அறைக் கதவைச் சாத்திவிடுகிறேன்.