காருக்குள் இருந்து தேனீ வளர்ப்பது

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் காரை விட்டு இறங்கவே இல்லை. பொன்முடிக்குப் போகும் வழியில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு வெகு முன்னாலேயே, ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் அந்தத் தேனீ வளர்ப்பு வகுப்பு நடந்தது. காலையில் புதியவர்களுக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு, ஏற்கெனவே பெட்டி வைத்திருப்பவர்களுக்கு. சேர்ந்தது என் மனைவி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றதும் ஆளாளுக்குக் கோவில், யாத்திரை என்று கிளம்புவார்கள்; இவளுக்குத் தேனீ. கரமனை வீட்டிலிருந்து வண்டி ஓட்டி வருவது என் பங்கு. அதோடு கடமை முடிந்தது என்று கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுப் பேப்பர் படித்தேன். எனக்குத் தேனீ என்றால் பயம். இதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பு எடுக்கிற பெண் மலையாளி. முப்பது வயதுக்கு மேல் இராது. எங்களிடம் மட்டும் பாடுபட்டுத் தமிழைக் கலந்து பேசுவாள். வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

“சாரே, கண்ணாடி ஏத்தி வச்சா தேனீச்ச வராது, படிப்பும் வராது. இறங்கி வரணும் கேட்டோ.”

நான் பேப்பரைத் தூக்கிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

என் மனைவியோ சில வாரங்களிலேயே வெறுங்கையோடு பெட்டியைத் திறக்க ஆரம்பித்துவிட்டாள். கூடப் படிக்கும் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் கையுறைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு நிற்பார்கள். இவள், “உறை போட்டா அதுக்க நடமாட்டம் கைக்குத் தெரியாது” என்று பாடம் எடுப்பாள். கற்றுக்கொள்ளப் போன இடத்திலும் டீச்சர் வேலையை விடவில்லை. சீக்கிரமே மத்தியான வகுப்புக்கும் தேறி, ஒரு பெட்டியை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டாள். மொட்டை மாடியில், எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் கால் ஊன்றி அது நின்றது. சாயங்காலமானால் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். நான் மாடிக் கதவுக்குப் பின்னால் பத்திரமாக நின்று, இன்று வந்த மகரந்தம் மஞ்சளா, வெள்ளையா என்ற செய்தி அறிக்கையைக் கேட்டுக்கொள்வேன். அத்தனை வருடக் குடித்தனத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

அவளைத் தேனீ கொட்டாமல் இல்லை. கொட்டும், வீங்கும், வடியும். ஒரு நாள் காலையில் மணிக்கட்டில் ஒன்றே ஒன்று கொட்டியது. காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவள் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுக்குத் திணறித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எப்படி ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதேன். “அடுத்த முறை இதைவிட மோசமாகலாம், வீட்டில் பெட்டி வைத்துக்கொள்ளக் கூடாது” என்றார் டாக்டர்.

வீடு திரும்பியதும், “வகுப்பெடுக்க அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லி ஆருக்காவது குடுத்திருங்க” என்றாள் மனைவி. அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். காய்ச்சலோடு பரீட்சைப் பேப்பர் திருத்தினவள், சமையலறைப் பக்கமே வரவில்லை. நான் வைத்த ரசத்தைக் குறை சொல்லாமல் குடித்தாள்.

தேனீ வகுப்பு டீச்சர்ப் பெண் இருட்டும் நேரத்தில் வந்து, பெட்டியின் வாசலை வலையால் அடைத்துத் தூக்கிக்கொண்டாள். “வேற ஆளுக்குக் கொடுக்கட்டே?” என்று கேட்டாள். கொடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“வேண்டாம். உங்க தோட்டத்துல ஓரமா வைங்க. நான் வந்து பாத்துக்கிடுதேன்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

இப்படியாக நான் புதியவர்கள் வகுப்பில் சேர்ந்தேன். கம்பெனிப் பிள்ளைகள் என்னை அங்கிள் என்றார்கள். வலைத் தொப்பி, வெள்ளை அங்கி, அங்கிக்குள் நடுக்கம். என் மனைவி காருக்குள். இதற்காக வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. தோட்டத்துக்கே வரக் கூடாது என்பது என் கட்சி. வரவிடாவிட்டால் பெட்டியை விற்றுவிடச் சொல்வேன் என்பது அவள் கட்சி. கடைசியில், தோட்டத்துக்குள் இருக்கும்வரை கண்ணாடியை இறக்கக் கூடாது, அவள் கைப்பையில் ஊசி மருந்து இருக்க வேண்டும் என்று உடன்பாடு ஆயிற்று. என் சட்டைப் பையில் ஃபோன் ஸ்பீக்கரில் கிடக்கும். பெட்டிக்குள் வரிசையாக நிற்பவை தேனடை கட்டிய மரச் சட்டங்கள். அதில் ஒன்றை நான் தொடும்போதெல்லாம் பையிலிருந்து குரல் வரும்: “மெதுவா. நேராத் தூக்குங்க. சரிக்காதிய.” தூரத்தில், கண்ணாடிக்குப் பின்னால், அவள் கையும் சேர்ந்து தூக்கும்.

மழைக்காலத்துக்கு முன்னால் நானும் மத்தியான வகுப்புக்கு வந்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் என் கழுத்தில் ஒரு தேனீ ஊர்ந்தது. பதறி, கையிலிருந்த சட்டத்தைப் பெட்டிக்குள் தடாலென்று போட்டுவிட்டேன். சில தேனீக்கள் நசுங்கின. அடுத்த ஞாயிறு பெட்டியைத் திறந்தால் கூட்டம் மெலிந்திருந்தது, இரைச்சலும் வேறு மாதிரி இருந்தது.

டீச்சர்ப் பெண் எட்டிப் பார்த்தாள். “ராணி போயிருக்கும் போல சாரே. முட்டை உண்டோன்னு நோக்கணும். இல்லேன்னா இன்னைக்கே அடுத்த பெட்டிக் கூட்டத்தோட சேர்க்கணும். மழை வரும்போது தனியா நிக்காது.” முட்டை மூன்று நாளில் புழுவாகிவிடும், ஆகவே இன்று முட்டை இருந்தால் ராணி உயிரோடு இருக்கிறாள். சேர்த்துவிட்டால் என் மனைவியின் கூட்டம் என்று ஒன்று இல்லை.

“நீயே பாத்துச் சொல்லேம்மா” என்றேன்.

“அது இங்க பழக்கமில்ல. பெட்டிக்காரர்தான் நோக்கித் தீர்மானிக்கணும்.” அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

தேனீ முட்டை என்பது அறுகோணக் குழியின் அடியில் நிற்கும் வெள்ளை நூல் துணுக்கு. ரப்பர் நிழல், வலை, வலைக்குள் ஆவி படிந்த மூக்குக் கண்ணாடி. எல்லாக் குழியும் எனக்கு ஒரே இருட்டு.

“இருக்கா?” என்றது ஃபோன்.

“தெரியல்ல. போன வாரம் நான் போட்ட போடுல ராணி நசுங்கியிருக்குமோ என்னவோ.”

“அதப் பெறவு பேசலாம். சட்டத்த இங்க கொண்டாங்க” என்றாள்.

பெட்டிக்காரர் காருக்குள் அல்லவா இருக்கிறார்! ராணி தென்படாத நடுச் சட்டத்தை எடுத்துக்கொண்டு, இருபக்கமும் தேனீ மொய்க்க, கோவிலில் தீபம் கொண்டுபோகிறவன் போல அடிமேல் அடி வைத்து நடந்தேன். கம்பெனிப் பிள்ளைகள் வழிவிட்டார்கள். கார்க் கண்ணாடியை ஒட்டிப் பிடித்தேன்.

“இந்தப் பக்கம் வெயில் இல்ல. சுத்தி வாங்க.” சுற்றி வந்தேன். “கொஞ்சம் சாய்ங்க. போதும்.”

தேனீக்கள் மேல் மெல்ல ஊதச் சொன்னாள். வலை வழியாக ஊதினேன். அவை விலகின இடத்தில், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றி கண்ணாடியில் பதிய, குழி குழியாகப் பார்த்தாள். என் தோள்கள் கடுத்தன. ஒரு தேனீ வலைக்கு வெளியே என் கண்ணுக்கு நேராக நடந்தது. கடவுளே, ஒன்றே ஒன்று இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் உதடு அசைந்தது. பைக்குள்ளிருந்து குரல் கேட்டது.

“இருக்கு.”

“நல்லாப் பாத்தியா?”

“குழிக்கு ஒண்ணா நிக்கி. ராணி இட்டதுதான். நேத்தோ இன்னைக்கோ.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அழுதாள். இந்தப் பக்கம் நான். வலைக்குள் மூக்கைத் துடைக்க வழி கிடையாது என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

சட்டத்தைத் திரும்ப வைத்து மூடினேன். சேர்க்க வேண்டாம் என்று சொன்னதும் டீச்சர்ப் பெண் கட்டைவிரலை உயர்த்தினாள். அங்கியை உதறி டிக்கியில் போட்டேன். முதுகிலும் காலரிலும் எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று மனைவி கண்ணாடி வழியாகச் சோதித்த பிறகே கதவைத் திறக்க அனுமதி கிடைத்தது. தோட்டம் தாண்டி, மெயின் ரோட்டு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன்.

“டீ சொல்லட்டா?”

ஸ்டியரிங்கில் இருந்த என் வலது கையை எடுத்து இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். விரலெல்லாம் கூட்டுக்குக் காட்டிய தேங்காய்க் கதம்பைப் புகை மணத்தது, மெழுகும் தேனும் பிசுபிசுத்தன. அதை முகத்தருகே கொண்டுபோய், கண்களை மூடி, நிதானமாக மோந்தாள். டீக்கடைக்காரர் பார்க்கிறார் என்று கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை.

“இந்த மணம் எனக்கு அடுத்த ஞாயிறு வரைக்கும் தாங்கும்” என்றாள்.