இருபத்தொன்பதாவது கேள்வி

யோங் பெங் என்ற ஊரின் பக்கத்தில் இருக்கும் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நான் மென்பொருள் எழுதிக்கொடுத்தேன். எழுதிக்கொடுத்தேன் என்பது பழக்கத்தில் வரும் சொல். அதில் ஒரு வரியைக்கூட நான் தட்டச்சு செய்யவில்லை. ஐந்து ஏஐ ஏஜெண்டுகள் செய்தன. நான் அவற்றுக்கு வேலை சொன்னேன், அவை கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

அதற்கு முன் பதினொரு ஆண்டுகள் சிங்கப்பூரில் சோதனையாளராக இருந்தேன். மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே உடையும் என்று பார்ப்பது என் வேலை. நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது எங்கள் குழுவில் பாதிப் பேரை அனுப்பினார்கள். நான் எல்லை தாண்டி, சொந்த ஊரான குளுவாங்குக்குத் திரும்பி, வீட்டின் பின்னறையில் மேசை போட்டு, சின்னச் சின்ன இடங்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்க ஆரம்பித்தேன். தனியாளாக அது முடிந்ததற்கு ஏஜெண்டுகள்தான் காரணம். ஒன்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் திட்டம் போடும். இன்னொன்று நிரல் எழுதும். பழைய கோப்புகளில் இருக்கும் விவரங்களைப் புதிய இடத்துக்கு மாற்ற ஒன்று இருந்தது. சோதிக்க ஒன்று. எல்லோருடைய வேலையையும் படித்து ஆட்சேபம் சொல்ல ஒன்று. அவை தங்களுக்குள் எழுதிக்கொள்வதை எல்லாம் நான் திரையில் படிக்கலாம். முதல் வாரம் ஆர்வமாகப் படித்தேன். பிறகு மேலோட்டமாக.

சோதிக்கும் ஏஜெண்டின் வேலையைப் பார்த்து எனக்கு வருத்தம் வரவில்லையா என்று பழைய தோழி ஒருத்தி கேட்டாள். நான் இரண்டு நாளில் கண்டுபிடித்திருக்கக்கூடிய பிழைகளை அது காப்பி கலக்கி முடிப்பதற்குள் கண்டுபிடித்தது. வருத்தம் வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு அடுத்ததைப் பார்த்தேன்.

அந்த மையத்தை ஒரு தொண்டு அமைப்பு நடத்துகிறது. சுற்றியிருக்கும் ஊர்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வாரம் மூன்று நாள் வருவார்கள். வேனில் அழைத்து வருவதும் உண்டு. விவரங்கள் எல்லாம் மூன்று எக்செல் கோப்புகளில் இருந்தன. ஒன்றில் நோயாளிகள் பட்டியல், ஒன்றில் வேன் நிற்கும் இடங்கள், ஒன்றில் ஒவ்வொருவரின் எடை. மூன்றையும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு காலத்தில் தொடங்கியிருந்தார்கள். ஒரே பெயர் மூன்றிலும் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும்.

விவரம் மாற்றும் ஏஜெண்ட் மூன்றையும் படித்துவிட்டு முப்பத்தெட்டு கேள்விகள் அனுப்பியது. பெரும்பாலும் ஒரே வகை. இந்த இரண்டு வரிகளும் ஒரே ஆளைக் குறிப்பதாகத் தோன்றுகிறது, சேர்த்துவிடலாமா? முதல் பன்னிரண்டைக் கவனமாகப் பார்த்தேன். பன்னிரண்டிலும் இரண்டு வரிகளும் உண்மையிலேயே ஒரே ஆள்தான். அன்று காலை சலவை இயந்திரம் பழுதுபார்க்க ஆள் வந்திருந்தார். அவர் பின்பக்கமிருந்து எதையோ கேட்க, நான் எழுந்து போய் வர, மீதிக் கேள்விகளுக்கு வேகமாக ஆமாம் போட்டுக்கொண்டே போனேன்.

இருபத்தொன்பதாவது கேள்வியில் ஆட்சேபம் சொல்லும் ஏஜெண்ட் குறுக்கே வந்தது. பெயரும் தகப்பன் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றன. ஆனால் ஒரு வரியில் அடையாள அட்டையின் கடைசி நான்கு எண்கள் இல்லை, வேன் நிற்கும் இடமும் வேறு. மையத்தைக் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது என்று எழுதியது. அதைப் படித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வயதானவர்கள் மகள் வீட்டில் கொஞ்ச நாள், மகன் வீட்டில் கொஞ்ச நாள் என்று இருப்பார்கள், வேன் இடம் மாறத்தான் செய்யும் என்று நானே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டேன். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. ‘ஒரே ஆள்தான். தொடரலாம்’ என்று எழுதினேன்.

அது தொடர்ந்தது. சோதிக்கும் ஏஜெண்ட் என் பதிலை எடுத்துக்கொண்டு, மொத்த நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று குறைவாக இருக்க வேண்டும் என்று ஒரு சோதனை எழுதியது. இதே பெயரும் பிறந்த தேதியும் உள்ளவரை யாராவது மறுபடி சேர்க்கப் பார்த்தால் ஏற்கக் கூடாது என்று இன்னொன்று எழுதியது. இரண்டும் பச்சை விளக்குடன் தேறின.

புது மென்பொருளை ஒரு திங்கட்கிழமை தொடங்கினார்கள். செவ்வாய் காலை தலைமைத் தாதி அழைத்தார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான்.

“நேத்து ஒருத்தவங்களுக்கு டிரை வெயிட் தப்பா காட்டுச்சு. டைப்பிங் மிஸ்டேக்னு நெனச்சு நானே மாத்திட்டேன். இன்னைக்கு வேற ஒரு ஆன்ட்டி வந்து உக்காந்திருக்காங்க, லிஸ்ட்ல அவங்க பேரே இல்ல. கிளார்க் சேத்துப் பாத்தாரு. ஏற்கெனவே இருக்காங்கன்னு சொல்லி எடுக்க மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் வர முடியுமா?”

கிளம்பினேன். செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்கு நடுவில் போகும் அந்தச் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாகத்தான் போக முடியும். என்ன நடந்திருக்கும் என்று பாதி வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே போய்ச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் தயார் செய்துகொண்டேன். விவரம் மாற்றியதில் ஒரு சின்னப் பிரச்சினை ஆகிவிட்டது. அந்த வாக்கியத்தில் அதைச் செய்த ஆளே இல்லை என்பதைக் கவனித்தேன். கவனித்தும் வேறு வாக்கியம் தேடவில்லை.

மையத்தில் சிஸ்டர் இரண்டு காகிதக் கோப்புகளை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். மென்பொருள் வந்தாலும் காகிதத்தை அவர் தூக்கிப் போடவில்லை.

“டேட்டா மாத்துனதுல சின்ன பிரச்சினை ஆயிடுச்சு சிஸ்டர்” என்றேன்.

அவர் கோப்புகளைத் திறந்து காட்டினார். ஒரே பெயர். ஒரே தகப்பன் பெயர். ஒரே பிறந்த தேதி. ஒட்டியிருந்த படங்களில் இரண்டு வேறு பெண்கள். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் திங்கள், புதன், வெள்ளி வருபவர். மற்றவர் செவ்வாய், வியாழன், சனி.

டிரை வெயிட் என்பது உடம்பில் சேர்ந்த நீரை இயந்திரம் எடுத்த பிறகு ஒருவர் எந்த எடையோடு எழுந்து போக வேண்டும் என்ற கணக்கு. திங்கட்கிழமைக்காரருக்கு அது ஐம்பத்தாறரை கிலோ. செவ்வாய்க்காரருக்கு ஐம்பத்து நான்கு. சேர்த்து வைத்த பதிவில் திங்கட்கிழமைக்காரரின் நாட்களும் செவ்வாய்க்காரரின் ஐம்பத்து நான்கும் மட்டும் மிஞ்சியிருந்தன. வித்தியாசம் பெரியதாக இருந்திருந்தால் எந்தத் தாதியும் உடனே நிறுத்தியிருப்பார். இரண்டரை கிலோ அப்படிக் கண்ணில் படாது. திங்கட்கிழமை அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டவர் புதிதாகச் சேர்ந்த தாதி. திரையில் இருந்ததைப் படித்து இயந்திரத்தில் எண்ணைப் போடப் போயிருக்கிறார்.

“யாரு நிறுத்தினாங்க?” என்று கேட்டேன்.

“அந்த ஆன்ட்டியே நிறுத்திட்டாங்க. எவ்ளோ தண்ணி எடுக்கப் போறேன்னு இந்தப் புதுப் பிள்ள சொல்லியிருக்கு. அவ்ளோ எடுக்க மாட்டாங்களே, என் வெயிட்டு அம்பத்தாறரைன்னு சொல்லியிருக்காங்க. ஆறு வருஷமா கேக்குற நம்பர்தானே.”

“எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?”

“பிரஷர் எறங்கியிருக்கும். மயக்கம் வரும். சிலருக்கு அதோட சரியாயிடும், சிலருக்கு ஆகாது.” குரல் மாறாமல் சொன்னார். பிறகு, “கம்ப்யூட்டர் செஞ்சதா, யாராச்சும் செஞ்சதா?” என்றார்.

“நான்தான் சிஸ்டர். ரெண்டும் ஒரே ஆளான்னு அது என்கிட்ட கேட்டுச்சு. நான் ஆமான்னு போட்டேன்.”

“எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா.”

“உங்களக் கேக்கச் சொல்லியும் அது சொல்லுச்சு.”

அவர் இரண்டு கோப்புகளையும் மூடினார். பிறகு எழுந்து, “வாங்க, அவங்ககிட்டயே ஒரு வார்த்த சொல்லிடுங்க” என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். செவ்வாய்க்காரருக்குக் காகிதக் கோப்பைப் பார்த்து நாற்காலி கொடுத்து இயந்திரத்தில் இணைத்திருந்தார்கள். கையில் குழாய் இருந்ததால் அவர் தலையை மட்டும் திருப்பினார்.

“என்னைய லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டீங்களாமே?” என்றார்.

“ஆமா ஆன்ட்டி. உங்களையும் இன்னொருத்தவங்களையும் ஒரே ஆளுன்னு நெனச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க.”

“அவளா.” அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “பாலோ பக்கத்துல ஒரே எஸ்டேட்டுதான் நாங்க. அடுத்தடுத்த லயத்து வீடு. ரெண்டு அப்பாவும் பேரு பதியாமலே விட்டுட்டாங்க. அப்புறம் ஒரே நாள்ல எஸ்டேட்டு ஆபீஸ் கிராணி எழுதிக் கொடுத்துட்டாரு. தேதி ஞாபகம் இல்ல, ஒண்ணையே ரெண்டு பேருக்கும் போட்டுட்டாரு. பேரு எஸ்டேட்டுக் கோயில் அம்மன் பேரு. அப்பாங்க பேரும் ஒண்ணாப் போச்சு.”

“வேற எங்கயும் இப்படி மாறிப்போயிருக்கா?”

“பள்ளிக்கூடத்துல அவ மார்க்கு எனக்கு வந்துச்சு. நான்தான் திருப்பிக் குடுக்கல.” இயந்திரத்தின் பக்கம் தலையைத் திருப்பினார். “இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்னு அந்த நர்ஸுப் பிள்ளகிட்ட கேட்டுச் சொல்லும்மா.”

கேட்டுச் சொன்னேன். இரண்டு மணி நேரம்.

வீட்டுக்கு வந்து ஏஜெண்டுகளின் உரையாடலைத் திறந்தேன். எல்லாம் நேரத்தோடு பதிவாகியிருந்தது. ஆட்சேபம் வந்ததற்கும் என் பதிலுக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை. என் பதிலுக்குக் கீழே ஆட்சேபம் சொன்ன ஏஜெண்ட், ‘பொறுப்பாளர் உறுதி செய்துவிட்டார்’ என்று எழுதி விலகியிருந்தது. சிங்கப்பூரில் இருந்தபோது, இப்படி அவசரத்தில் ஆமாம் போட்ட நிரலாளர்களைப் பற்றி நான் அறிக்கை எழுதியிருக்கிறேன். மென்மையாக எழுதும் வழக்கம் எனக்கு இருந்ததில்லை.

பிரித்துவிடச் சொன்னேன். விவரம் மாற்றும் ஏஜெண்ட் சில நிமிடங்களில் இரண்டு பதிவுகளாக்கியது. உடனே சோதனைகள் சிவப்பாயின. எண்ணிக்கை ஒன்று கூடிவிட்டது, விதி மீறப்பட்டிருக்கிறது என்று சோதிக்கும் ஏஜெண்ட் எழுதியது. அது தன் வேலையைத்தான் செய்தது. அந்த இரண்டு சோதனைகளையும் நானே அழித்தேன்.

அன்று மாலை மையத்தின் தலைவருக்கு ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முதல் வரைவில், ‘பதிவுகள் தவறாக இணைக்கப்பட்டுவிட்டன’ என்று வந்தது. அதை அடித்துவிட்டு, ‘இரண்டு நோயாளிகளின் பதிவுகளை நான் தவறாக இணைத்தேன்’ என்று எழுதினேன். அப்படியே அனுப்பினேன். மறுநாள் அவர் அழைத்தார். அறிக்கையை இரண்டு முறை படித்ததாகச் சொன்னார்.

“அப்ப இந்த ஏஐ எல்லாம் வேணாம், பழையபடி ஆளு வச்சு எழுதலாம்னு சொல்றீங்களா?”

“இல்லைங்க சார். அது சரியாத்தான் கேட்டுச்சு. பதில் சொன்ன இடத்துலதான் தப்பு.”

“பதில் சொல்ற இடத்த யாரு பாத்துக்குவா?”

அதை யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வியாழக்கிழமை முப்பத்தெட்டு கேள்விகளையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு மறுபடி மையத்துக்குப் போனேன். சிஸ்டரும் கிளார்க்கும் பக்கத்தில் உட்கார, ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு முழுக் காலைப்பொழுது போனது. சேர்த்ததில் வேறு தவறு இல்லை. ஆனால் கடைசிக்கு முந்திய கேள்வி வேறு வகை. லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து வரும் ஒருவருக்கு மாதக்கணக்காக எடையே பதிவாகவில்லை, பட்டியலில் வைத்திருக்கலாமா என்று ஏஜெண்ட் கேட்டிருந்தது. நான் ‘வைத்திருக்கலாம்’ என்று போட்டிருந்தேன். அதைப் படித்ததும் கிளார்க் சிஸ்டரைப் பார்த்தார்.

“அவரு தவறிட்டாரு” என்றார் சிஸ்டர். “எடுத்துடுங்க.”

எடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் தலைவர் கேட்டதற்கு விடை செய்தேன். ஆட்களைச் சேர்ப்பது, பிரிப்பது, நீக்குவது பற்றிய எந்தக் கேள்வியும் இப்போது என்னிடம் வருவதில்லை, மையத்துக்குப் போகிறது. சிஸ்டர் கையெழுத்திடாமல் வேலை நகராது. நான் தொடரலாம் என்று எழுதினாலும் ஆட்சேபம் சொல்லும் ஏஜெண்ட் விலகாதபடி அதன் விதியை மாற்றினேன். சோதிக்கும் ஏஜெண்டின் கண்ணில் என் பதில்கள் படாது. மையத்தின் கோப்புகளை மட்டும் பார்த்து அது சோதனை எழுதும். நான் தப்பாகச் சொன்னால் அதுவும் சேர்ந்து தப்பாகச் சொல்லக் கூடாது அல்லவா. இதனால் வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. சிஸ்டர் இயந்திரங்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் நாளில், ஒரு கேள்வி காலையிலிருந்து மாலைவரை காத்திருக்கும்.

தலைவர் காகிதப் பட்டியலையும் சேர்த்து மூன்று மாதம் ஓட்டச் சொன்னார். மூன்று மாதம் முடிந்த பிறகும் சிஸ்டர் அதை நிறுத்தவில்லை.

இப்போது அந்த இரண்டு பெண்களில் யாருடைய பதிவைத் திறந்தாலும், இதே பெயரில் இன்னொருவர் இருக்கிறார், படத்தைப் பாருங்கள் என்று மஞ்சள் கட்டத்தில் ஒரு வரி வருகிறது. படத்தைப் பார்த்துவிட்டதாக ஒரு பொத்தானை அழுத்தினால்தான் உள்ளே போக முடியும். ஒவ்வொரு தடவையும் அழுத்த வேண்டியிருக்கிறது, ரெண்டு பேரையும் எங்களுக்குத் தெரியும்தானே, எடுத்துவிட முடியாதா என்று கிளார்க் போன வாரம் போனில் கேட்டார். அந்தக் கேள்வியை சிஸ்டருக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.