மேல் சரிவு

டயானா வாழ்நாளில் ஒரு கிளாஸ் ஒயினை முழுதாகக் குடித்ததில்லை. தி.நகரில் ஒரு பெரிய ஹோட்டலில் ஒயின் பரிமாறுவது அவள் வேலை. முகர்வாள், ஒரு வாய் சுவைத்துத் துப்புவாள். எந்தத் திராட்சை என்று சொல்லிவிடுவாள்.

அந்த மூக்கைப் பழக்கியவன் கணவன் பாரத். நாசிக் பக்கத்து மலையில் ஒரு திராட்சைத் தோட்டத்து மேஸ்திரி. பட்டினப்பாக்கம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இரண்டு சின்ன பாட்டில்கள் கொண்டுவருவான். இரண்டும் சிரா என்ற ஒரே கருந்திராட்சை; ஒன்று கீழ் வயலில் விளைந்தது, மற்றது மேல் சரிவில்.

“கீழ வயலு கரிசலு. தண்ணி நின்னுக்கினே கீது. பழம் ஊதிப்போவுது, ஒயினு கொழகொழன்னு இனிக்குது. மேல் சரிவு வெறும் கல்லு. தண்ணி நிக்காது, குளிரு வேற. பழம் சுண்டக்கா சைசு, தோலு தடி. மோந்து பாரு” என்று மேல் சரிவு பாட்டிலை நீட்டுவான்.

மிளகு. அதற்கடியில் மழை நனைத்த பாறை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஆடி மழையில் அந்தச் சரிவில் மண் இறங்கியது. ஐந்து பேர் புதைந்தார்கள். நால்வரின் உடல் கிடைத்தது, பாரத் கிடைக்கவில்லை. தேடிப் போன டயானாவை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மேலே ஒரே மூட்டம். எது இருக்கிறது, எது போனது என்று தெரியவில்லை.

“கடலுக்குப் போனவனே எட்டு நாளு கழிச்சு வந்துகிறான்” என்றாள் மாமியார் முத்தம்மா. மீன் விற்றுவிட்டு வந்து மகனுக்கும் சேர்த்தே சோறு வடித்தாள்.

அந்த வருடத்துத் திராட்சை மழைக்கு முன்பே பறித்தது. அந்த ஒயின் ‘மேல் சரிவு’ என்ற லேபிளோடு ஹோட்டலுக்கு வந்தபோது, ஒவ்வொரு பாட்டிலைத் திறக்கும்போதும் பாரத் அவள் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவதுபோல் இருக்கும். அவள் திரும்பிப் பார்ப்பாள். விருந்தினர் கிளாஸை நீட்டியபடி காத்திருப்பார்.

போன மாதம் ஒரு மதியம் மேனேஜர் அனிருத் புதுப் பெட்டியைப் பிரித்தார். “மேல் சரிவு திரும்ப வந்துடுச்சு டயானா. மழைக்கு அடுத்த வருஷத்து அறுவடை.”

சரிவு நிற்கிறதா? அப்படியென்றால் பாரத்தும் எங்கோ... மேலே யோசிக்கப் பயந்துகொண்டு மூடியைத் திறந்தாள்.

மிளகு இல்லை. பாறை இல்லை. நாவல்பழப் பாகுபோல் ஒரு கொழகொழ இனிப்பு. பின்னால் யாரும் நிற்கவில்லை.

“சார், இது கீழ் வயல்” என்றாள்.

“லேபிள்ல மேல் சரிவுன்னுதானே போட்டிருக்கு?”

தோட்டத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் முதலில் மழுப்பினார். பாரத்தின் மனைவி என்றதும் குரல் இறங்கியது. “பேருக்குத்தாம்மா அந்த லேபிள். மேல ஒரு கொடி இல்ல. சரிவே இல்ல.”

அனிருத்திடம் சொல்லிப் பெட்டியைத் திருப்பி அனுப்பவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

“அத்த, அந்த எடமே இல்ல. மோந்து பாத்துட்டேன்.”

முத்தம்மா எழுந்து புடவை மாற்றிக்கொண்டாள். இருவரும் மாதா கோயிலுக்குப் பூசை எழுதிவைக்கப் போனார்கள்.

“காணாமப்போனவருக்காகவா?” என்று கேட்டார் பங்குச் சாமியார்.

டயானா வாய் திறக்குமுன் முத்தம்மா சொன்னாள்: “இல்ல சாமி. செத்துப்போன எம்புள்ளைக்கு.”