மேடத்தின் ஒரே கடிதம்

விடுதி அறையில் என்னோடு இருந்தவளுக்கு ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பெயர்தான்: நிதானம். பல் தேய்க்கவே கால் மணி நேரம் எடுப்பாள். சட்டையை நாலாக மடித்து, பிடிக்காமல் பிரித்து, மறுபடி மடிப்பாள். என்னைப் போன்ற அவசரக்குடுக்கைக்கு எரிச்சல் வருமா, வராதா? ஆனால் ஆபரேஷன் என்றதும் நடுங்குகிற நோயாளிகள் அவளைத்தான் தேடுவார்கள். மயக்க மருந்து ஏறும்வரை கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் வீட்டு நாய்க்குட்டியின் பெயர்வரை விசாரிப்பாள். மேல்படிப்பு என்றால் மயக்கவியல் மட்டும்தான் என்று பயிற்சி மருத்துவராக வந்த முதல் நாளிலேயே முடிவு செய்துவிட்டாள்.

எனக்கு அறுவை சிகிச்சைதான் உயிர். போன வருஷம் அதற்கு மட்டும் விண்ணப்பித்து, இடம் கிடைக்காமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இந்த முறை இரண்டாவதாக ஒன்றையும் போட்டுவை என்றான் அண்ணன். அதில் தவறில்லை, பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் போட்ட இரண்டாவது, மயக்கவியல்.

எந்தத் துறைக்கு விண்ணப்பித்தாலும் அந்தத் துறை மருத்துவர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். எங்கள் மயக்கவியல் மேடம் வருஷத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதுவார். இரண்டாவது எழுதினால் முதலாவதுக்கு மதிப்பில்லை என்பார். அதனாலேயே அவர் கடிதம் என்றால் தேர்வுக் குழு நிமிர்ந்து உட்காரும். அதைக் கேட்பதற்காக நிதானம் ஒரு வாரமாகக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை கேட்கப்போவதாக என்னிடம்தான் சொன்னாள். நான் வெள்ளிக்கிழமையே போய்க் கேட்டேன்.

மேடம் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"உனக்கு இதுதானே வேணும்? நிச்சயமா?"

"ஆமா மேடம்."

இரண்டே வார்த்தை. நாக்கு கூசவில்லை.

திங்கட்கிழமை நிதானம் போன வேகத்தில் திரும்பி வந்தாள். இந்த வருஷக் கடிதம் ஏற்கெனவே போய்விட்டதாம். யாருக்கு என்று மேடம் சொல்லமாட்டார், அதுவும் அவர் வழக்கம். யாரோ கொடுத்துவைத்தவர் என்று சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்து டீ போட்டாள். அதையும் குடித்தேன். பிறகு அதே துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு மருத்துவரிடம் அவள் கடிதம் வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரமே ஒரு ஆபரேஷனில், அறுவை சிகிச்சைப் பெரிய டாக்டர் என்னைக் காட்டி, இவளுக்கு என் துறையைத் தவிர வேறு நினைப்பே கிடையாது என்று பெருமையடித்தார். நோயாளியின் தலைமாட்டில் இருந்த மேடம் திரைத்துணிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்தக் கடிதம் எனக்கு வேண்டாம், அவளுக்கு எழுதுங்கள் என்று போய்ச் சொல்லியிருக்கலாம். நான்கு நாளும் மேடம் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன்.

முடிவு வந்தது. எனக்கு அறுவை சிகிச்சையே கிடைத்துவிட்டது. மேடத்தின் கடிதம் யாருக்கும் உதவாமல் போயிற்று. நிதானத்துக்கு எங்கேயும் இடமில்லை.

அவள் ஊருக்குக் கிளம்பினாள். கட்டிலில் உட்கார்ந்து வழக்கம்போலச் சட்டையை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். உனக்காவது கிடைத்ததே என்று அவள் சந்தோஷப்பட்டதும் எனக்குத் தாங்கவில்லை.

"அந்த லெட்டர் எனக்குத்தான் எழுதினாங்க" என்றேன்.

மடித்த கை நின்றது.

"நீ அதை ரெண்டாவதாத்தானே போட்ட?"

"ஆமா."

"எனக்கு ரெண்டாவதுன்னு ஒண்ணு இல்லையேடி."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். உதவட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். அவள் அவசரப்பட்டு அன்றுதான் பார்த்தேன். மிச்சத் துணியை மடிக்காமலே அள்ளிப் போட்டுப் பெட்டியை மூடினாள்.