நொய்டாவிலிருந்து வந்த முறுக்குப் பணம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எண்ணெய் டின், அரிசி மாவு, கடலைப்பருப்பு, வெல்லம் எல்லாவற்றையும் கடைக்காரர் கட்டி வைத்துவிட்டார். போனை எடுத்து ஸ்கேன் செய்தேன். பணம் போகவில்லை. திரும்பச் செய்தேன். போகவில்லை. "நெட்வொர்க் சரியில்லை போல, வெளியே போய்ப் பாருங்க பெஹன்ஜி" என்றார். வெளியே மீன் கடைகள் பக்கம் நின்று பார்த்தபோதுதான் வங்கியிலிருந்து வந்திருந்த செய்தி கண்ணில் பட்டது. என் கணக்கை முடக்கிவிட்டார்கள்.

நாங்கள் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். கணவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. நான் வீட்டில் முறுக்கு, தட்டை, அதிரசம் செய்து விற்கிறேன். டெல்லியில் மட்டுமில்லை, நொய்டா, குர்கான் எல்லா இடத்திலும் நம் ஆட்கள் வாங்குவார்கள். மெட்ரோவில் ஏறினால் ஒரு பக்கம் உத்தரப்பிரதேசம், இன்னொரு பக்கம் ஹரியானா. ஊர் வேறு, மாநிலம் வேறு என்றாலும் பணத்துக்கு அதெல்லாம் கிடையாது. அங்கே ஒருவர் விரலால் தொட்டால் இங்கே என் போன் சத்தம் போடும். அந்தத் தீபாவளிக்கு நிறைய பேர் முன்பணம் அனுப்பியிருந்தார்கள். அத்தனையும் அந்த ஒரே கணக்கில்.

மூட்டையை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு வங்கிக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க கணக்குக்குத் திருட்டுப் பணம் வந்திருக்குன்னு குர்கான் சைபர் போலீஸ் சொல்லியிருக்காங்க. அவங்க எழுதிக் கொடுத்தாத்தான் திறக்க முடியும்."

"எவ்வளவு பணம்?"

"எழுநூற்றி எண்பது ரூபாய்."

அந்தத் தொகை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

சில நாட்கள் முன்பு தமிழில் ஒரு போன் வந்தது. நொய்டாவில் இருக்கிறானாம், முறுக்கும் தட்டையும் வேண்டுமாம். அந்தப் பக்கம் வேறு ஆர்டர்களும் இருந்ததால் நானே பையைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் போனேன். ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் கேட்டுக்கு ரப்பர் செருப்போடு இறங்கி வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கலாம். பாக்கெட்டை அங்கேயே பிரித்து ஒரு முறுக்கை வாயில் போட்டுக்கொண்டான். "எந்த ஊருப்பா?" என்றேன். தேனிப் பக்கம் என்றான். நான் திருநெல்வேலி என்றதும் அப்படி ஒரு சிரிப்பு. பணம் வேறு யாரோ ஒரு வடநாட்டுப் பெயரில் வந்தது. "ரூம்மேட் போன், ஆன்ட்டி" என்றான். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வங்கி வாசலில் நின்றபடியே அவன் எண்ணுக்கு அடித்தேன். எடுத்தான். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டான்.

சாயங்காலம் கணவர் வந்ததும் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது. "போலீஸ் விஷயம்னா ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க? முதல்ல அட்வான்ஸ் கொடுத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். அதற்குள் என் போனில், "ஆன்ட்டி, எங்க ஆர்டர் எப்போ வரும்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். சொன்ன நாளுக்குச் சாமான் போகாவிட்டால் அவர்களைப் பொறுத்தவரை நானும் ஏமாற்றுக்காரிதான்.

அப்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் ஆணின் குரல். அமைதியான, மரியாதையான இந்தி. "ஆன்ட்டிஜி, எழுநூற்றி எண்பது ரூபாய்க்குப் போய் போலீஸ் எல்லாம் எதுக்கு? நான் ரெண்டாயிரமா அனுப்பிடறேன். குர்கான் போகாதீங்க. கிட்வாய் நகர்ல உங்க பில்டிங் எதுன்னு எங்களுக்குத் தெரியும்." நான் ஒவ்வொரு பாக்கெட்டிலும் விலாசம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். தெரியாமல் எப்படி இருக்கும்?

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கணவரும் கேட்டார். எழுந்து போய்க் கதவின் மேல்தாழ்ப்பாளையும் போட்டார். "நாளைக்குப் போய் நம்ம கணக்கைத் திறக்கச் சொல்லு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அவன் யாரு, எங்க இருக்கான், அதெல்லாம் நமக்கு வேண்டாம்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

மறுநாள் அவரும் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். மஞ்சள் லைன் மெட்ரோவில் கூட்டம் நெருக்கியது. அர்ஜன்கர் ஸ்டேஷன் தாண்டி ரயில் ஹரியானாவுக்குள் நுழைந்தது. பக்கத்தில் நின்ற ஒருவன் போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அதற்கே நான் கணவர் பக்கம் நகர்ந்து நின்றேன்.

குர்கான் சைபர் காவல் நிலையத்தில் இருந்த அதிகாரி நிதானமானவர். என் அடையாள அட்டை, விற்பனை செய்ததற்கான போன் செய்திகள் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு விஷயத்தை விளக்கினார். குர்கானில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, பில் கட்டவில்லை, கரண்ட் இணைப்பைத் துண்டிக்கப்போகிறோம் என்று போன் செய்திருக்கிறார்கள். ஏதோ ஒரு லிங்கைத் தொடச் சொல்லி, கணக்கில் இருந்ததை எல்லாம் வழித்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பணம் பல கணக்குகளுக்குச் சிதறி, அதில் ஒரு துளி என் முறுக்குக்கு வந்திருக்கிறது.

"இதோ, அவங்களே இருக்காங்க" என்று சுவரோரம் பார்த்தார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள். என்னைவிடச் சின்னவள். தினமும் கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொள்வாளாம். "இவங்களா? இவங்க கணக்குக்கா போச்சு?" என்று கத்தினாள். என் கணவர் எனக்கு முன்னால் வந்து நின்றார். நான் முறுக்கு விற்றதைச் சொன்னேன். எனக்கு எதுவும் தெரியாது என்றேன். சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கோபம் வடிந்துவிட்டது. "என் காசுல யாரோ முறுக்கு சாப்பிட்டிருக்காங்க" என்றாள். அதைத் திட்டுவதுபோல் சொல்லவில்லை. எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "தீதி, உங்க எழுநூறு ரூபாய் எனக்கு வேண்டாம். யாரைக் கேட்டாலும் ஒரு நம்பரைச் சொல்றாங்க. இந்த நம்பர்ல இருந்து அந்த நம்பருக்குப் போச்சுன்னு. என்னை ஏமாத்தினவனுக்கு ஒரு முகம்கூட இல்லையா?"

அதிகாரி என் வாக்குமூலத்தை எழுதி முடித்தார். வங்கிக்கு அன்றைக்கே மெயில் போய்விடும் என்றார். "வேற ஏதாவது தெரியுமா?" என்று வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டார். கணவர் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

முதல்நாள் கேட்ட குரல் காதுக்குள் ஓடியது. எங்கள் லிஃப்ட், வாசல், சாயங்காலம் கீழே விளையாடும் என் மகள் எல்லாம் கண்முன் வந்தது. கூடவே செருப்போடு இறங்கி வந்தவனின் சிரிப்பும். சொன்னால் அவனைப் பிடிப்பார்கள்.

அந்தப் பெண் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கிளம்ப எழுந்தாள்.

"நான் ஒருத்தனைப் பார்த்திருக்கேன். இடமும் தெரியும்" என்றேன்.

மிரட்டல் வந்த எண்ணையும் காட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்புதான். குர்கான் போலீஸ் நொய்டாவுக்குள் போக அந்தப் பக்கத்துப் போலீஸுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் ஆள் வரவேண்டும், வண்டி வேண்டும். ஒரு நொடியில் இந்தப் பக்கம் வந்த பணத்தைத் தேடிக்கொண்டு நாங்கள் டெல்லியைக் குறுக்கே கடந்து போவதற்குள் மத்தியானம் சாய்ந்துவிட்டது. கணவர் வழி முழுக்க என்னிடம் பேசவில்லை. ஆனால் என்னைத் தனியாக அனுப்பவும் இல்லை.

தெரு முனையிலேயே வண்டியை நிறுத்தி, கண்ணாடி வழியாகக் கட்டடத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். பெண் போலீஸ் ஒருவர் என்னோடு வண்டியில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் உள்ளே போனார்கள். மேலே ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள். எதிர்வீட்டுப் பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். கணவர் என் கையைப் பிடித்தார்.

மூன்று பேரைக் கீழே கொண்டுவந்தார்கள். கடைசியில் அவன்.

அங்கிருந்த காவல் நிலையத்தில் மற்ற இருவரும் இந்தியில் சரளமாக ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவனுக்கு இந்தி சுத்தமாக வரவில்லை. ஆங்கிலமும் தட்டுத்தடுமாறி. குர்கானிலிருந்து வந்த அதிகாரி என்னிடம் வந்தார். "மேடம், இவன் என்ன சொல்றான்னு எங்களுக்குப் புரியலை. முறையா மொழிபெயர்க்க ஆள் பிறகு வருவாங்க. இப்போதைக்கு நீங்க உதவ முடியுமா?"

எதிரே உட்கார வைத்தார்கள். அவன் என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தான். "ஆன்ட்டி, உங்களை மிரட்டினது நான் இல்ல. போன்ல நீங்க பேசுனப்ப மிரட்டினவன் பக்கத்துலதான் நின்னான். இன்னைக்குக் காலைல எங்கயோ போயிட்டான். என்னால வாயே திறக்க முடியல."

கால் சென்டர் வேலை என்று விளம்பரம் பார்த்து வந்தானாம். வந்ததும் சர்டிஃபிகேட்டையும் ஆதாரையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவன் பெயரில் கணக்கு திறந்து, அதையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். சாப்பாடு வாங்கக் கீழே வர மட்டும் அனுமதி. நான் ஒவ்வொரு வரியாக இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தேன். என்னையறியாமல் என் குரல் அவன் பக்கம் சாய்ந்தது. இவன் மாட்டிக்கொண்ட பிள்ளை, இவனை விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தி தெரியாதவன் அந்தக் குர்கான் பெண்ணை எப்படி ஏமாற்றியிருக்க முடியும்?

அதிகாரிக்கும் அதே கேள்விதான். "இந்தி தெரியாதவனை வச்சு அவங்க என்ன செஞ்சாங்கன்னு கேளுங்க."

கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "தமிழ்நாட்டு நம்பர் எல்லாம் எனக்குத்தான் குடுப்பாங்க ஆன்ட்டி. நம்மூரு பேச்சுல பேசினா நம்பிருவாங்கன்னு. மொதல்ல பயந்துக்கிட்டுப் பேசுனேன். அப்புறம்… கமிஷன் குடுத்தாங்க. பேசுனேன்."

அறையில் தமிழ் தெரிந்தது எங்கள் மூவருக்கு மட்டும்தான். நான், என் கணவர், அவன்.

"என்ன சொல்றான்?" என்றார் அதிகாரி.

அவன் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று வாயால் சொல்லவில்லை. பயந்து பேசியதை மட்டும் சொல்லிவிட்டு, கமிஷன் வாங்கியதை விட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். காலையில் என் காலை மிதித்த மனிதர் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டையும் சொல்லிடு."

சொன்னேன். பயந்து பேசியதையும் சொன்னேன், பிறகு காசுக்காகப் பேசியதையும் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றார்கள். அவன் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அதுவும் என் தலையில் விழுந்தது. "அம்மாகிட்ட வேண்டாம் ஆன்ட்டி" என்று கெஞ்சினான். ஆனாலும் எண்ணை அவனேதான் சொன்னான்.

அந்த அம்மா நான் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எம்புள்ள யாரையும் ஏமாத்துனானாம்மா?"

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. "ஆமாம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் எங்கோ பஸ் ஹாரன் கேட்டது. "சரிம்மா. அவன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. எல்லாத்தையும் ஒத்துக்கச் சொல்லுங்க. நான் பொறப்பட்டு வரேன்" என்றார். அவனிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, பேசிய எண்கள், வாங்கிய தொகை, மிரட்டியவன் போயிருக்கக்கூடிய இடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். நான் இருட்டும்வரை அதையெல்லாம் இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

என் கணக்கு இரண்டொரு நாளில் திறந்துவிட்டது. ஆர்டர்களைத் தீபாவளிக்கு முதல்நாள்வரை இழுத்துப் பிடித்து முடித்தேன். எண்ணெய்ச் சட்டியின் முன்னால் கணவரும் உட்கார்ந்து தட்டை தட்டினார். மிரட்டியவனைக் கொஞ்ச நாளில் வேறு ஊரில் பிடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அதுவரை லிஃப்ட் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் யார் என்று எட்டிப் பார்ப்பேன். அந்தக் குர்கான் பெண்ணுக்குக் கோர்ட் மூலமாகப் பாதிப் பணம் திரும்ப வந்தது. போனில் சொல்லிவிட்டு, "ஏமாத்தினவன் முகத்தைக் கோர்ட்ல பார்த்துட்டேன் தீதி. பார்த்தப்புறம் திட்டக்கூடத் தோணலை" என்றாள். அவன் ஜாமீனில் வெளியே வந்து, அம்மாவோடு ஊருக்குப் போய்விட்டான். வாய்தாவுக்கு மட்டும் வந்து போகிறான். வழக்கு இன்னும் நடக்கிறது.

அந்த அம்மாவுக்கு நான் நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று இன்றைக்கும் சில நேரம் யோசிப்பதுண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் இரக்கப்பட்டு ஒரு பொய் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவே மாட்டான் என்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.