அடிக்கக் கற்றுக்கொள்ளப் போன வருஷம்

தொண்ணூற்றெட்டில் எனக்கு இருபத்தாறு வயது. செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் கல்பாக்கம் போய் டைப்பிஸ்ட் வேலை பார்த்தேன். அந்த பஸ்ஸில் ஒரு ஆள், கூட்டம் இல்லாவிட்டாலும் என்மேல் சாய்ந்துகொண்டே வருவான். அவனை அடிப்பதற்காகத்தான் கராத்தே கற்கப் போனேன்.

சொல்லிக்கொடுத்தவள் என் ஆபீஸ் தோழி. என் வயதுதான், கடப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண், கருப்பு பெல்ட் வாங்கியவள். ஞாயிறு விடியற்காலையில், மாமல்லபுரம் கடற்கரையில் நாங்கள் இருவர் மட்டும். இரண்டு மாதம் கையை ஓங்கவே விடவில்லை. கால்விரல்களை உள்பக்கம் திருப்பி ஈர மணலில் ஊன்றி நிற்க வேண்டும். அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து மெல்ல விட வேண்டும். பனியில் கடல் தெரியாது, சத்தம் மட்டும் வரும். கொஞ்ச நேரத்தில் மூச்சு விடுவது நானா, அலையா என்று தெரியாமல் போகும். கால் இருப்பதே மறந்துவிடும்.

"எப்பதான் அடிக்கச் சொல்லித் தருவே?" என்றேன் ஒருநாள்.

மணலில் உட்கார்ந்து சொன்னாள்: "ஒகினாவான்னு ஒரு தீவு கீது. அங்கேருந்து ஒருத்தரு கப்பலேறி சீனாவுக்குப் போயி கத்துகினு வந்தாரு. அவராண்ட கத்துகினவரு இதுக்கு கோஜுன்னு பேரு வெச்சாரு. கோன்னா கெட்டி, ஜுன்னா மெத்து. ரெண்டும் ஒரே ஒடம்புல இருக்கணும். மொத அடி நம்மளுது இல்ல."

"அவன் மேல வந்து சாய்ஞ்சா?"

"அது அவனோட மொத அடி. அப்பறம் உன் இஷ்டம்."

மார்கழியில் ஒருநாள், திருக்கழுக்குன்றம் தாண்டியதும், நான் விலகி நின்றபோது அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். முழங்கால் தானாக மடங்கியது. மூச்சு இறங்கியது. அவள் பழக்கியிருந்தபடி, அவன் கட்டைவிரல் பக்கமாக என் கையைத் திருப்பினேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. என் இன்னொரு கை அவன் தொண்டைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாக இருந்தது.

"இனிமே தொடாதே" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

கண்டக்டர் விசில் ஊதினார். "எறங்குய்யா" என்றார் அவனிடம். அவன் இறங்கிப் போனபிறகுதான் நீட்டிய கையைக் கீழே இறக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை தோழியிடம் சொன்னேன்.

"அடிக்கலையா?"

"தோணலை."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் ஒருத்தன அடிச்சிகீறேன், மெட்ராஸ்ல. இதே மாதிரி ஆளுதான். பல்லு போச்சு. தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா மூணு நாளு சோறு எறங்கல."

அதுவரை அதை அவள் யாரிடமும் சொன்னதில்லையாம். அன்றைக்குப் பயிற்சி செய்யவில்லை. வெயில் ஏறும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.