நடுவரிசையில் கிடைத்த இடம்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பழங்காநத்தத்தில் பஸ் ஏறினேன். ஆரப்பாளையத்தில் மாறினால், வாடிப்பட்டிக்கு இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர். மடியில் வைக்கோல் திணித்த அட்டைப்பெட்டி. உள்ளே நானே வனைந்து காயவைத்த தேநீர்க் கோப்பைகள்.

"முட்டையாம்மா?" என்றார் கண்டக்டர்.

"சுடாத மண்ணு, அண்ணே."

"மாப்ள, பள்ளம் பாத்துப் போ," என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார். அவரும் பார்த்துத்தான் ஓட்டினார்.

அடுத்த வாரம் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்; அந்தப் படிப்பு தந்த வேலையில் எழுந்த வீடு. வருகிறவர்களுக்கு என் கையால் செய்த கோப்பையில் டீ கொடுக்க ஆசை. முதல் தடவை வேறொரு சூளையில், பானைகளுக்கு நடுவே சந்து கிடைத்த இடத்திலெல்லாம் செருகிவிட்டேன். பாதி சிவப்பாகவும் பாதி கறுப்பாகவும் வந்தன.

"இதுல கறுப்பு யாருக்குடி?" என்று அம்மா கேட்டார். வயல் வேலைக்குப் போன வீடுகளில் தனிக் குவளையில் குடித்து வளர்ந்தவர் அவர். அன்றே அவற்றைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

எட்டேகாலுக்கு வாடிப்பட்டி. ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து மூன்று கிலோமீட்டர் போனால் முருகாயி அக்காவின் விறகுச் சூளை. அக்காவும் அவர் கணவர் பாண்டி அண்ணனும் பானைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அடியில நெருப்பு நேரா அடிக்கும், சாம்பல் ஒட்டும். உச்சியில வச்சா வேகாது. ஒரே நிறம் வேணும்னா அம்புட்டும் நடுவரிசைக்குத்தான் போகணும்," என்றார் அக்கா.

நடுவரிசையில் அண்ணனின் விளக்குகள் இருந்தன.

"என் விளக்கு எங்க போகும்? நீ பாட்டுக்கு எடம் குடுக்குற," என்றார் அண்ணன்.

அம்மா கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பானையைக் கீழே வைத்தார். பிறகு விளக்குகளை எடுத்துச் சூளையின் ஓரத்தில் வைக்க ஆரம்பித்தார்.

"விளக்கு எப்படியும் எண்ணெயில கறுக்கத்தான போகுது. கறுத்தே வரட்டும்."

"இம்புட்டு அறிவ இத்தன வருசமா எங்க ஒளிச்சு வச்சிருந்தீக?" என்றார் அக்கா.

"ஒளிச்சதாலதான் மிச்சம் இருக்கு."

மூவருமாக அடுக்கினோம். கோப்பைகளைக் கவிழ்த்து, ஒன்றையொன்று தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டோம். ஒட்டி நின்றால் அந்த இடத்தில் கறை விழும். தீ வரும் பக்கம் உடைந்த பானை ஓடுகளை மறைப்பாக நிறுத்தினோம். மேலே வைக்கோல் பரப்பி மண் பூசி, மதியம் சின்னத் தீயாக மூட்டி, சாயங்காலம்தான் முழு விறகு போட்டார்கள். அன்று அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுத் தங்கினேன்.

ஞாயிறு மதியம் சூளையைப் பிரித்தோம். ஓரத்து விளக்குகளில் பாதி கறுத்திருந்தன. அண்ணன் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; என் கோப்பைகளைத்தான் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் விரிசல் இருந்தது. மற்றவை அத்தனையும் ஒரே சிவப்பு.

புது வீட்டு வாசலுக்கென்று கறுத்த விளக்குகளில் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் பெட்டி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஊர் திரும்பும்போது இவ்வளவு பேருக்கு நன்றிக்கடன்பட்டு நான் உட்கார்ந்ததில்லை.

வீட்டில் அம்மா பெட்டியைத் திறந்தார். ஒன்றை எடுத்துப் பார்த்து வைத்தார். இன்னொன்றையும் அப்படியே. பிறகு பெட்டியைப் பார்க்காமலே கைக்கு வந்த ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"டீய ஊத்து."